பட்டறையில் கற்றவர்: பிரெடெரிக் டெய்லர்

வணிகவியலோ தொழில் மேலாண்மையோ எடுத்துப் பயிலும் மாணவர்க்கு எஃப். டபிள்யூ. டெய்லர் என்னும் பெயர் புதியதன்று. மேலாண்மைக் கோட்பாடுகள் என்னும் தாளில் முதல் இயலிலேயே அவர் வந்துவிடுகிறார். அறிவியல்முறை மேலாண்மையின் தந்தை என்ற பட்டமும், நான்கைந்து கோட்பாடுகளும், ஒரு நிறுத்துக் கடிகாரமும் சேர்ந்து, ஐந்து மதிப்பெண் வினாவாக நம் நினைவில் சில நாட்கள் தங்குகிறார். அவர் யார், எந்த எந்திரத்தின் முன் நின்று கூலி வாங்கினார், தொழிலாளர் அவரை ஏன் வெறுத்தனர், அமெரிக்க நாடாளுமன்றம் ஏன் அவரை அழைத்து நாட்கணக்கில் வினவியது என்பனவற்றுக்குப் பாடநூலில் இடம் இல்லை. அவற்றைத் தெரிந்துகொண்டபின் அந்த ஐந்து மதிப்பெண் விடையைச் சற்றுத் தயக்கத்தோடுதான் எழுத முடியும்.

டெய்லர் 1856-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20-ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஜெர்மன்டவுன் பகுதியில் பிறந்தார். குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த செல்வக் குடும்பம். தந்தை பிராங்க்ளின் டெய்லர் சட்டம் பயின்றவர். ஆயினும் வழக்காடிப் பிழைக்க வேண்டிய தேவை இல்லாதவர். தாய் எமிலி அடிமை முறையை எதிர்த்து நின்ற பெண்மணி. சிறுவனாக இருந்தபோதே டெய்லர் பிரான்சிலும் ஜெர்மனியிலும் தங்கிக் கல்வி கற்றார்.

எதையும் அளந்து பார்க்கும் பழக்கம் அப்போதே அவரிடம் இருந்தது. மற்றப் பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு ஆடப் போவார்கள். இவரோ ஆடுகளத்தின் நீள அகலம் சரியாக இருக்கிறதா என்று அளந்து முடிக்கும்வரை ஆட்டத்தைத் தொடங்க விடமாட்டார். நடக்கும்போது எந்த அளவில் காலடி வைத்தால் களைப்புக் குறையும் என்று கணக்கிடுவார். மல்லாந்து படுத்தால் தீக்கனவு வருகிறது என்று கண்டு, புரண்டு படுத்தால் மரமுனை முதுகில் குத்துமாறு தோல்வாரால் ஒரு கருவி செய்து கட்டிக்கொண்டு உறங்கினார். உடன் ஆடிய பிள்ளைகள் அவரோடு எப்படிக் காலம் தள்ளினார்களோ!

1872-இல் நியூஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பிலிப்ஸ் எக்செட்டர் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்த கணக்காசிரியர் வெண்ட்வர்த், வகுப்பில் ஒரு கணக்கைக் கொடுத்து, முடித்தவர்கள் விரலைச் சொடுக்க வேண்டும் என்பார். வகுப்பில் பாதிப்பேர் சொடுக்கியதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார். வீட்டுக்குக் கொடுக்கும் கணக்குகளின் அளவை அதைக்கொண்டே வகுத்தார். இந்த நுட்பத்தைக் கண்டுகொண்ட மாணவர் டெய்லர். தந்தையைப்போல் சட்டம் பயிலும் எண்ணத்துடன் ஹார்வர்டு பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதி 1874-இல் சிறப்புடன் தேறினார். ஆனால் இரவெல்லாம் விளக்கடியில் படித்ததால் கண் கெட்டது, தலைவலி வாட்டியது என்று சொல்லிக் கல்லூரிக்குப் போகாமல் நின்றுவிட்டார். அந்த ஆண்டிலேயே பிலடெல்பியாவில் நீரேற்று எந்திரம் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். வார்ப்படத்துக்கான மர மாதிரி செய்வதையும், பின்னர் எந்திர வேலையையும் நான்கு ஆண்டுகள் கற்றார். மாளிகையில் பிறந்த பிள்ளை விடியலில் எழுந்து, எண்ணெய்க் கறை படிந்த உடையோடு தொழிலாளர் நடுவே நின்றார். வேலையோடு அவர்களுடைய வசைமொழிகளையும் கற்றுக்கொண்டார். அந்தக் கடைசிப் பாடம் அவரை இறுதிவரை விடவில்லை.

1878-இல் மிட்வேல் உருக்காலையில் சேர்ந்தார். நாட்டில் தொழில் மந்தமாக இருந்த காலம் அது. தொழில் கற்றவராயினும் சாதாரணக் கூலியாளாகத்தான் நுழைய முடிந்தது. பிறகு எழுத்தர், கடைசல் எந்திரத் தொழிலாளி, கடைசல்காரர்களுக்கு மேஸ்திரி, பட்டறை மேற்பார்வையாளர் என உயர்ந்து தலைமைப் பொறியாளர் ஆனார். ஆலையின் உரிமையாளர் குடும்பம் டெய்லர் குடும்பத்துக்கு நெருங்கியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த உரிமையாளரின் மகன் கிளாரன்ஸ் கிளார்க்குடன் சேர்ந்து ஆடி, 1881-இல் முதன்முதலாக நடந்த அமெரிக்க தேசிய டென்னிஸ் போட்டியில் இரட்டையர் பட்டத்தையும் வென்றார். இவ்வளவுக்கும் இடையில், ஹோபோக்கன் நகரத்து ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பாடங்களைப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே படித்து, 1883-இல் எந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு லூயிஸ் ஸ்பூனர் என்னும் அம்மையாரை மணந்தார். பின்னாளில் பெற்றோரை இழந்த மூன்று பிள்ளைகளை இருவரும் எடுத்து வளர்த்தனர்.

மிட்வேலில் மேஸ்திரியான முதல் மூன்று ஆண்டுகளே டெய்லரின் வாழ்வைத் திருப்பின. அந்தப் பட்டறையில் உருப்படிக் கூலி முறை இருந்தது. எத்தனை உருப்படி முடிக்கிறானோ அத்தனைக்குக் கூலி. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் ஒரு தொழிலாளி முனைந்து உழைத்து வழக்கத்துக்கு மேல் பொருள் ஈட்டினால், முதலாளி உடனே உருப்படிக்கான கூலி வீதத்தைக் குறைத்துவிடுவார். முன்பு பத்து உருப்படிக்குக் கிடைத்த பணத்துக்குப் பதினைந்து செய்ய வேண்டிய நிலை வரும். இதை ஒருமுறை கண்ட தொழிலாளி மறுமுறை முனைந்து உழைப்பானா? ஆகவே ஆட்கள் தமக்குள் ஓர் அளவை வைத்துக்கொண்டு, அதற்குமேல் எவரும் செய்யாதபடி பார்த்துக்கொண்டனர். புதிதாக வந்து வேகமாகச் செய்பவனை மற்றவர்கள் தடுத்தனர். டெய்லரும் கடைசல்காரராக இருந்தவரை அந்தக் கட்டுப்பாட்டுக்கு அடங்கியே நடந்தார்.

மேஸ்திரியானதும் நிலை மாறியது. தாம் இப்போது நிர்வாகத்தின் பக்கம் இருப்பதாக நண்பர்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டு, உற்பத்தியைக் கூட்ட முற்பட்டார். மறுத்தவர்களை நீக்கினார், கூலியைக் குறைத்தார், புதிய ஆட்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்துக் கொண்டுவந்தார். அவர்களும் பழையவர்களோடு சேர்ந்துகொண்டனர். எந்திரங்கள் அடிக்கடி உடைந்தன. வேகமாக ஓட்டச் சொன்னதால் உடைந்தது என்றனர் ஆட்கள். எந்திரம் எக்காரணத்தால் உடைந்தாலும் அதை ஓட்டியவனே தண்டம் கட்ட வேண்டும் என்றார் டெய்லர். இரவில் இருப்புப்பாதை ஓரமாகத் தனியே வீட்டுக்கு நடந்து போகாதே, உயிருக்கு ஆபத்து என்று சிலர் எச்சரித்தனர். அவர் அப்படியே நடந்து போனார். மூன்று ஆண்டு முடிவில் உற்பத்தி உயர்ந்தது, வெற்றி அவருடையது. ஆனால் காலையில் வந்து மாலை வரை பகைமுகங்களையே பார்த்து நிற்கும் வாழ்வு வாழ்வாகாது என்று அந்த வெற்றியிலேயே அவருக்குப் பட்டது.

சண்டையின் காரணத்தை அவர் தேடினார். தொழிலாளி வேலையை மந்தமாகச் செய்வதற்குச் சோம்பல் முதற்காரணம் இல்லை, கூலியைக் குறைக்கும் நிர்வாகமே முதற்காரணம் என்று கண்டார். ஒரு நாளில் ஒருவன் நியாயமாக எவ்வளவு செய்ய முடியும் என்பது நிர்வாகத்துக்கும் தெரியாது. தொழிலாளிக்கு மட்டும் ஓரளவு தெரியும். தெரியாததை வைத்துக்கொண்டு பேரம் பேசுவதால்தான் பகை வருகிறது. அளந்துவிட்டால் பகைக்கு இடமில்லை என்பது அவர் முடிவு. இம்முடிவின் முற்பாதியை எந்தத் தொழிற்சங்கத் தலைவரும் மறுக்கமாட்டார். பிற்பாதிதான் பின்னர் வேலைநிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டது.

அளக்கத் தொடங்கினார். மிட்வேலின் தலைவர் வில்லியம் செல்லர்ஸ் இசைவு தர, எஃகைக் கடையும் உளி எந்த வடிவில் இருக்க வேண்டும், எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்னும் சோதனையை 1880 வாக்கில் தொடங்கினார். ஆறு திங்களில் முடியும் என்று எண்ணியது 26 ஆண்டுகள் நீண்டது. 12 காரணிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. உலோகத்தின் கடினம், உளியின் கோணம், வெட்டின் ஆழம், நீர் ஊற்றிக் குளிர்விப்பது என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். அந்த ஆண்டுகளில் சீவித் தள்ளிய இரும்பும் எஃகும் 8 இலட்சம் பவுண்டு எடை. வந்த விடைகளைக் கார்ல் பார்த் என்னும் கணித வல்லுநர் ஒரு நழுவுகோலில் அடக்கித் தந்தார். பட்டறையில் இருப்பவர் கோலை நகர்த்தினால் போதும், வேகம் தெரிந்துவிடும்.

இதனிடையே மூன்று ஆண்டுகள் காகித ஆலை நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருந்தார், மனநிறைவு இல்லை. 1893-இல் தனித்து ஆலோசனைத் தொழில் தொடங்கினார். 1895-இல் அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தில் உருப்படிக் கூலி பற்றிக் கட்டுரை படித்தார். குறித்த அளவை எட்டியவனுக்கு உருப்படிக்கு உயர்ந்த வீதம், எட்டாதவனுக்குத் தாழ்ந்த வீதம் என்பது அதன் சாரம். நேர ஆய்வே அதன் உயிர் என்று அவர் கருதினார். கேட்டவர்களோ கூலிக் கணக்கை மட்டும் பேசிக் கலைந்தனர்.

1898-இல் பெத்லகேம் உருக்காலை அழைத்தது. அங்கே மான்சல் ஒயிட் என்னும் உலோகவியலாரோடு சேர்ந்து டெய்லர் செய்த கண்டுபிடிப்பு பொறியியல் உலகில் நிலைத்தது. உளிக்குரிய எஃகை அளவுக்கு மீறிக் காய்ச்சினால் கெட்டுவிடும் என்பது கருமார் மரபு. சில கலப்பு எஃகுகளைக் கெடும் என்று சொன்ன வெப்பத்தையும் தாண்டி, ஏறக்குறைய உருகும் நிலைவரை காய்ச்சிப் பதப்படுத்தியபோது, அவை செந்தழலாய்ச் சிவந்த நிலையிலும் கூர் மழுங்காமல் வெட்டின. 1900-இல் பாரிசுக் கண்காட்சியில் அந்த உளி எஃகைச் சீவியதைக் கண்டு பிரெஞ்சு வேதியியல் அறிஞர் லெ சாட்லியே வியந்தார். பின்னர் பிரான்சில் டெய்லர் முறையைப் பரப்பியவரும் அவரே. பட்டறைகளில் ஹைஸ்பீடு ஸ்டீல் என்று சொல்கிறோமே, அதன் தொடக்கம் இதுதான்.

ஆயினும் பெத்லகேம் என்றதும் பாடநூல்கள் நினைவூட்டுவது இரும்புப் பாளம் சுமந்த கதையைத்தான். 92 பவுண்டு எடையுள்ள பாளங்களைத் தூக்கிச் சரக்கு வண்டியில் ஏற்றும் வேலை. ஓர் ஆள் நாளொன்றுக்கு 12½ டன் ஏற்றிவந்தான். 1899-இல் நேர ஆய்வு நடத்தி, எப்போது தூக்க வேண்டும், எப்போது ஓய்வெடுக்க வேண்டும் என்று வகுத்து, ஷ்மிட் என்னும் ஆளை 47½ டன் ஏற்றச் செய்ததாக டெய்லர் எழுதினார். கூலி 1 டாலர் 15 சென்ட்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட்டாக உயர்ந்தது. வேலை நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்கு என்பதை எந்த மாணவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஷ்மிட்டின் உண்மைப் பெயர் ஹென்றி நால். டெய்லர் தம் நூலில் அவரை அறிவு மந்தமான எருதுக்கு ஒப்பாகக் காட்டினார். அதே பக்கங்களில், அந்த மனிதர் வேலை முடிந்து ஒரு மைல் தொலைவு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போவார் என்றும், சிறிய மனை வாங்கித் தம் கையாலேயே வீடு கட்டிக்கொண்டிருந்தார் என்றும் அவரே எழுதியிருக்கிறார். தம் கையால் வீடு கட்டுபவன் மந்த அறிவினன் எப்படி ஆவான் என்று அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1974-இல் ஆய்வாளர் இருவர் பழைய ஆலைக் குறிப்புகளைத் தேடி எடுத்து ஆராய்ந்தபோது வேறொன்றும் புலப்பட்டது. வலிமை மிக்க சில ஆட்களைச் சிறிது நேரம் முழு வேகத்தில் ஏற்றச் செய்து, அதை ஒரு நாளுக்குப் பெருக்கி, ஓய்வுக்கென ஒரு பங்கை உத்தேசமாகக் கழித்தே நாளளவு குறிக்கப்பட்டது. அறிவியல் என்று சொல்லப்பட்ட எண்ணுக்குள் ஓர் ஊகம் ஒளிந்திருந்தது. எஃகுக்கு 26 ஆண்டு பொறுமை காட்டியவர், மனிதனுக்கு அத்தனை பொறுமை காட்டவில்லை.

மண்வாரி ஆய்வு இதைவிட உறுதியானது. நிலக்கரித் தூளானாலும் இரும்புத் தாதானாலும் ஆட்கள் தம் சொந்த மண்வாரியையே கொண்டுவந்து அள்ளினர். ஒரு வாரலில் ஏறத்தாழ 21 பவுண்டு இருந்தால் நாளில் மிகுதியாக அள்ள முடியும் என்று கண்டு, கனமான பொருளுக்குச் சிறியதும் இலேசான பொருளுக்குப் பெரியதுமாக மண்வாரிகளை ஆலையே வழங்கச் செய்தார். 400 முதல் 600 பேர்வரை செய்த வேலையை 140 பேர் செய்தனர் என்பது அவர் தரும் கணக்கு. எஞ்சியவர் என்ன ஆனார் என்னும் கேள்வியை அவர் பகைவர் மட்டுமல்லாமல் ஆலை நிர்வாகத்தினரும் எழுப்பினர். அந்த ஊரில் வீடுகளும் கடைகளும் ஆலைக்காரர்களுடையவை. ஆள் குறைந்தால் வாடகை குறையும்! டெய்லர் 1901-இல் பெத்லகேமை விட்டு நீங்கினார்.

பிட்ச்பர்க் என்னும் ஊரில் மிதிவண்டிக்கான எஃகுக் குண்டுகளைச் சோதித்துப் பிரிக்கும் பெண்களைப் பற்றிய செய்தி பாடநூல்களில் அவ்வளவாக வருவதில்லை. 120 பெண்கள் நாளொன்றுக்கு 10½ மணி நேரம் அமர்ந்து, பழுதான குண்டுகளைக் கண்ணால் பொறுக்கி எடுத்தனர். நேரத்தைக் குறைத்தால் வேலை நன்றாக நடக்கும் என்று டெய்லர் கருதினார். கூலியைக் குறைக்காமல் நேரத்தைக் குறைக்கலாமா என்று பெண்களிடம் வாக்கெடுத்தபோது அனைவரும் வேண்டாம் என்றனர். நிர்வாகம் சும்மா எதையும் தராது என்பது அவர்கள் அனுபவம். சில திங்கள் கழித்து அவர்களைக் கேளாமலே நேரம் படிப்படியாக 8½ மணிக்குக் குறைக்கப்பட்டது. ஒன்றேகால் மணிக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வும் தரப்பட்டது. வேலை குறையவில்லை, கூடியது. முடிவில் 35 பெண்கள் 120 பேரின் வேலையைச் செய்தனர். கூலி ஏறத்தாழ இரு மடங்கு. சோதனையின் துல்லியமும் மிகுந்தது. மற்ற 85 பேர்? கண் பார்த்துக் கை இயங்கும் விரைவு குறைந்தவர்கள் நீக்கப்பட்டனர். அவர்களில் அறிவும் உழைப்பும் நாணயமும் மிக்க பலர் இருந்தனர் என்று டெய்லரே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்.

பெத்லகேமை விட்டபின் பணத்துக்காக வேலை செய்வதை நிறுத்தினார். செஸ்ட்நட் ஹில்லில் பாக்ஸ்லி என்னும் தம் மாளிகையில் முதிர்ந்த வேலிச் செடிகளை வேரோடு பெயர்த்து நடுவதிலும், கோல்ப் ஆடுகளத்துக்கேற்ற புல் வளர்ப்பதிலும் சோதனை நடத்தினார். தேடி வந்தவர்களை அமர்த்தி இரண்டு மணி நேரம் இடைவிடாது பேசி, பிறகு தம் முறை நடைபெறும் ஆலைகளுக்கு அனுப்பிவைப்பார். 1906-இல் எந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைவரானார்.

கல்லூரிக்குள் மேலாண்மை நுழைந்த வரலாறும் இங்குதான் வருகிறது. 1908-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் பட்டம் பெற்றவர்களுக்கென வணிக மேலாண்மைப் பள்ளியைத் தொடங்கியது. அதன் தலைவர் எட்வின் கே, டெய்லரை அணுகினார். பட்டறையில் கற்க வேண்டியதை வகுப்பறையில் கற்பிக்க இயலாது என்று டெய்லர் மறுத்தார். நீங்கள் வராவிட்டாலும் பாடத்தை நடத்தத்தான் போகிறோம் என்று கே தெரிவிக்கவே, இசைந்தார். 1909 முதல் 1914 வரை ஆண்டுதோறும் சென்று சொற்பொழிவாற்றினார். நுழைவுத் தேர்வில் தேறியும் சேராத பல்கலைக்கழகத்தில் 35 ஆண்டு கழித்து ஆசிரியராக நின்றார். 1909-இலேயே, ஆலை முதலாளிகள் பட்டதாரிகளை ஏன் விரும்புவதில்லை என்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் படிப்பின் நடுவே தொழிலாளியோடு தொழிலாளியாக, அதே நேரத்துக்கு வந்து அதே நேரத்துக்குப் போய், ஆலையில் உழைக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. மேலாண்மைப் பாடத்தில் அவருடைய கோட்பாடுகள் எல்லாம் இடம் பிடித்தன. இந்தக் கோரிக்கையை மட்டும் பெரும்பாலான கல்லூரிகள் ஏற்கவில்லை. அதனை ஏற்றிருந்தால் நம்மில் எத்தனைபேர் இப்படிப்பில் சேர்ந்திருப்போம் என்பது வேறு.

1910-இல் இருப்புப்பாதை நிறுவனங்கள் சரக்குக் கட்டணத்தை உயர்த்த அனுமதி கேட்டன. எதிர்த்து வாதாடிய வழக்கறிஞர் லூயி பிராண்டைஸ், நல்ல மேலாண்மை இருந்தால் நாளொன்றுக்குப் பத்து இலட்சம் டாலர் மிச்சமாகும் என்று சாட்சியம் வழி காட்டினார். அவ்வழக்குக்காகக் கூடிப் பேசியபோதுதான் அறிவியல்முறை மேலாண்மை என்னும் பெயரே நிலைபெற்றது. டெய்லர் ஒரே நாளில் நாடறிந்தவரானார். 1911-இல் அப்பெயரிலேயே நூல் வெளிவந்தது. விரைவில் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. முன்னர் அம்முறையைக் கண்டித்து எழுதிய லெனின்கூட 1918-இல் அதைக் கற்றுக்கொள்ளுமாறு தம் நாட்டவர்க்கு அறிவுறுத்தினார்.

புகழ் வந்த அதே 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வாட்டர்டவுன் அரசுப் படைக்கலச் சாலையில் வார்ப்படத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். காரணம் கூலியன்று, முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற நிறுத்துக் கடிகாரம். தம் தொழிலைத் தெரியாத ஒருவன் தம் கையசைவை நொடிக்கணக்கில் குறித்துக்கொள்வதை அவர்கள் இழிவாகக் கருதினர். நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. சுரங்கத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்த வில்லியம் வில்சன் தலைவர். 1912 ஜனவரியில் டெய்லர் நான்கு நாட்கள் சாட்சியம் அளித்தார். முதலாளி, தொழிலாளி இருவரின் மனமும் மாற வேண்டும், இலாபத்தைப் பங்கிடும் சண்டையை விட்டு இலாபத்தைப் பெருக்க வேண்டும் என்று விளக்கினார். முதல்தரத் தொழிலாளி அல்லாதவன் கதி என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டனர். ஒவ்வொருவனும் ஏதேனும் ஒரு வேலைக்கு முதல்தரமானவனே என்றார். அவ்வேலை கிடைக்காவிட்டால் என்றதற்கு அவரிடம் தெளிவான விடை இல்லை. குறுக்குக் கேள்விகளில் பொறுமை இழந்து, பட்டறையில் கற்ற சொற்கள் நாவில் வந்து நின்றன.

குழு உடனடியாகச் சட்டம் எதையும் பரிந்துரைக்கவில்லை. எனினும் எதிர்ப்பு அடங்கவில்லை. 1915 மார்ச்சில் படைத்துறை நிதிச் சட்டத்தில் ஒரு விதி சேர்க்கப்பட்டது: அந்த நிதியைக் கொண்டு படைக்கலச் சாலைகளில் நிறுத்துக் கடிகார ஆய்வு நடத்தலாகாது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட அத்தடை 1949 வரை நீடித்தது.

அம்மாதத் தொடக்கத்தில் டெய்லர் கிளீவ்லாந்து நகரில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்திவிட்டுத் திரும்பினார். வழியில் பற்றிய சளி நிமோனியாக் காய்ச்சலாக முற்றியது. மருத்துவமனையில் தம் 59-ஆம் பிறந்த நாளைக் கழித்தார். நாள்தோறும் ஒரே நேரத்தில் தம் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அவர் வழக்கம். மறுநாள், மார்ச்சு 21, விடியற்காலை நாலரை மணியளவில், வழக்கமில்லாத அந்த நேரத்தில், அவர் சாவி கொடுக்கும் ஓசை செவிலியின் காதில் விழுந்தது என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் குறித்துள்ளனர். அரைமணி கழித்து உள்ளே சென்று பார்த்தபோது உயிர் பிரிந்திருந்தது.